இரவில் மரத்துப்போகும் கை: கத்தி படாத வைத்தியம் தூக்கத்தைத் திருப்பித் தருமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர் பால் மரம் சீவி ஓய்ந்த கைகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு உரியவர்கள் பகலில் பெரிதாகக் குறை சொல்வதில்லை. சமைக்கிறார்கள், துணி அலசுகிறார்கள், பேரப்பிள்ளையைப் பள்ளியில் கொண்டுபோய் விடுகிறார்கள். குறையெல்லாம் இரவைப் பற்றித்தான். “ஒரு மணி, ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது. கை இருக்கா இல்லையான்னே தெரியல. உதறு உதறுன்னு உதறினாத்தான் உசுரு வருது.” கிளினிக் பெஞ்சில் இதைச் சொல்லும் பாட்டிக்குப் பக்கத்தில் இருப்பவர் வாயு என்பார். இன்னொருவர் ரத்த ஓட்டம் குறைவு என்பார். வீட்டில் மகள், பக்கவாதம் வரப்போகிறதோ என்று பயந்துகொண்டிருப்பாள்.

பெரும்பாலும் மூன்றுமே தவறு. பக்கவாதத்தில் வரும் மரப்பு திடீரென்று வரும். பெரும்பாலும் முகம், கால், பேச்சு என்று வேறு எதையாவது சேர்த்துப் பிடிக்கும். உதறினால் போகாது. (அப்படி வந்தால் யோசிக்காமல் 999ஐக் கூப்பிட வேண்டும்.) கட்டை விரல் தொடங்கி மோதிர விரலின் பாதி வரை மட்டும் எறும்பு ஊர்கிறது, தூக்கத்தைக் கலைக்கிறது, உதறினால் அடங்குகிறது என்றால் டாக்டர் முதலில் நினைப்பது கார்ப்பல் டனல் சிண்ட்ரோம். 1984இல் பிரைஸ்-பிலிப்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் ஓர் எளிய கேள்வியைச் சோதித்துப் பார்த்தார்: தொந்தரவு முற்றும்போது கையை என்ன செய்வீர்கள்? உதறிக் காட்டியவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய்தான் இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் அந்த அடையாளம் அவ்வளவு துல்லியமாகத் தெரியவில்லை. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்விதான் அது. சுண்டு விரல் மரத்துப்போனால் விஷயம் வேறு, அது முழங்கை வழியாக வரும் இன்னொரு நரம்பின் எல்லை.

மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகிய வழி இருக்கிறது, அதுதான் கார்ப்பல் டனல். அடியில் எட்டுச் சிற்றெலும்புகள் வளைவாக நிற்கின்றன. மேலே தடித்த நார்ப்பட்டை கூரையாகப் படிந்திருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரே ஒரு நரம்பும் அதற்குள் போகின்றன. பழைய லயத்து வீட்டின் ஒற்றை அறையில் பத்துப் பேர் படுத்த கதைதான்: ஒருவர் கொஞ்சம் பருத்தாலும் நசுங்குவது இருப்பவர்களில் மெலிந்தவர். இங்கே அந்த மெலிந்தவர் மீடியன் நரம்பு.

எவ்வளவு நசுங்குகிறது என்று 1981இல் கெல்பர்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி அளந்தார்கள். மணிக்கட்டு நேராக இருக்கும்போது நோயில்லாதவர்களிடம் அழுத்தம் 2.5 மில்லிமீட்டர் பாதரசம், நோயாளிகளிடம் 32. நோயாளிகள் மணிக்கட்டை உள்ளே மடக்கியதும் அது 94ஆக ஏறியது, பின்னுக்கு வளைத்ததும் 110ஆனது. அழுத்தம் 30ஐ ஒட்டினாலே நரம்புக்குள் ரத்தம் ஓடுவது தடுமாறத் தொடங்கும். கீழே வரப்போகும் வைத்தியங்களில் எது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு இந்த எண்களே பாதி விடை.

இரவு ஏன் மோசம் என்பதற்கும் அதுவே விடை. தூங்குகிறவர் தன் மணிக்கட்டை எப்படி வைத்திருக்கிறார் என்று அவருக்கே தெரியாது. கன்னத்துக்கு அடியில் மடித்து வைத்திருப்பார், தலையணைக்குக் கீழே திணித்திருப்பார், மார்போடு சுருட்டியிருப்பார். ஒருக்களித்துப் படுப்பவர்களிடம் இந்த நோய் கூடுதலாகக் காணப்படுகிறது என்று சில ஆய்வுகள் சொல்வதில் ஆச்சரியமில்லை. அதோடு, பகல் முழுக்கக் காலில் இறங்கியிருந்த நீர் படுத்ததும் உடம்பு முழுக்கப் பரவும். விரல்கள் அசையாததால் கையில் தேங்குவது வடிவதும் குறையும். விழித்து உதறினால் மணிக்கட்டு நேராகிறது, தசை அசைகிறது, அழுத்தம் இறங்குகிறது, உயிர் வருகிறது. பிறகு படுத்தால் அதே கதை. நாலு மணிக்கு எழுந்து ஐந்து மணிக்குப் பெரட்டில் (தோட்டத்து ஆள் கணக்கெடுப்பில்) நின்று பழகிய உடம்புக்கு, ஓய்வுக்குப் பிறகும் அந்த நேரத்துக்கு மேல் தூக்கம் வராது. ஒரு மணிக்குக் கலைந்த தூக்கத்தைக் காலையில் ஈடுகட்ட வழியே இல்லை.

வேலையின் பங்கு என்ன? பலமாகப் பிடிப்பது, மணிக்கட்டை மடக்கியபடி அதையே திரும்பத் திரும்பச் செய்வது, அதிர்வு, இம்மூன்றும் சேரும் வேலைகளில் இந்த நோய் கூடுகிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. பால் வெட்டும் கத்தியைப் பட்டையோடு ஒட்டி இழுக்கும் கை, மங்கு துடைக்கும் விரல்கள், செம்பனைக் குலையைச் சபிட் அரிவாளால் அறுக்கும் தோள் முதல் விரல் வரையிலான இழுப்பு எல்லாம் அந்த வகை. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் உருவாக்கிய காந்தாஸ் போன்ற மோட்டார் வெட்டுக் கருவிகள் இழுப்பைக் குறைத்தன, ஆனால் அதிர்வைக் கொண்டுவந்தன. புல்வெட்டும் மிஷினுக்கும் அதே பேச்சு. தோட்டம் போய்த் தாமான் வந்த பிறகு மாவு பிசைந்து ரொட்டி சானாய் வீசுகிறவர்கள், தையல் மிஷினில் உட்காருகிறவர்கள், தொழிற்சாலை வரிசையில் ஒரே திருகாணியை முடுக்குகிறவர்கள் அந்த இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

ஆனால் எல்லாப் பழியையும் வேலையின் மேல் போடுவதும் சரியில்லை. தோட்டத்துப் பக்கமே போகாத ஆசிரியைக்கும் வருகிறது. பெண்களிடம் அதிகம், நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் அதிகம், உடல் பருமனோடு சேர்ந்து வருகிறது, தைராய்டு குறைந்தாலும் மூட்டுவாதம் இருந்தாலும் வருகிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் வந்து பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் தானாகவே போய்விடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக இனிப்பு நீர். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது ஏறத்தாழ மூன்றில் ஒருவர். எனவே கை மரப்புக்குப் போகிறவர் சர்க்கரையையும் தைராய்டையும் பார்த்துக்கொண்டு வருவது வீண்செலவு இல்லை. இரண்டு பாதங்களிலும் எரிச்சல் தொடங்கி, பின்னால் இரண்டு கைகளுக்கும் வந்தது என்றால் அது சர்க்கரை நரம்பையே அரித்ததாக இருக்கலாம். மணிக்கட்டுப் பட்டை அதை மாற்றாது.

பட்டை: மலிவானது, ஆனால் நேராக இருக்க வேண்டும்

அறுவை சிகிச்சை இல்லாத வைத்தியங்களில் முதலில் சொல்லப்படுவது தூங்கும்போது கட்டிக்கொள்ளும் மணிக்கட்டுப் பட்டை, ஸ்பிளிண்ட். இது நரம்பைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. மணிக்கட்டை மடங்கவிடாமல் வைத்து, அழுத்தம் 94ஐயும் 110ஐயும் தொடாமல் காக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் தூக்கத்துக்கு இது நேரடியாக உதவுகிறது.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கடையில் யாரும் சொல்வதில்லை. ஃபார்மசியில் கிடைக்கும் பல பட்டைகளுக்குள் ஒரு உலோகத் தகடு இருக்கும். அந்தத் தகடு பெரும்பாலும் கையைப் பின்னுக்கு 20, 30 பாகை வளைத்து வைக்கும்படி வளைந்தே வருகிறது. சுளுக்குக்கு அது சரி. இந்த நோய்க்கு வேண்டியது நேர் கோடு. 1994இல் ஒரு ஆய்வு இரண்டையும் ஒப்பிட்டபோது, நேராக வைத்த பட்டையே, அதுவும் குறிப்பாக இரவுத் தொந்தரவைக் குறைப்பதில், முன்னால் நின்றது. தகட்டை உருவி, மேசை விளிம்பில் வைத்து நிமிர்த்திவிட்டுத் திரும்பச் செருகலாம். முன்கையும் உள்ளங்கையும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும். விரல்கள் முழுதாக மடங்க வேண்டும். பட்டையை இறுக்கிக் கட்டினால் வெளியிலிருந்து புதிதாக ஒரு அழுத்தத்தை நாமே கொடுக்கிறோம்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் இதைக் கட்டிக்கொண்டு தூங்குவது முதல் சில நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். வேர்க்கும், அரிக்கும், நடுராத்திரியில் கழற்றி எறியத் தோன்றும். நான் பார்த்தவரை பட்டை பலிக்கவில்லை என்கிறவர்களில் பாதிப் பேர் அதை ஒரு வாரம்கூடக் கட்டியிருக்க மாட்டார்கள். பழைய பருத்திக் காலுறையின் நுனியை வெட்டி உள்ளே போட்டுக்கொண்டால் அரிப்பு குறையும். ஆறு வாரம் விடாமல் கட்டிய பிறகே பலித்ததா இல்லையா என்று சொல்ல வேண்டும். இரவு ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குகிறவர் பகலில் கட்ட வேண்டும். நேரம் முக்கியமில்லை, தூக்கம்தான் முக்கியம். கடைப் பட்டை ஒத்துவராவிட்டால் அரசாங்க மருத்துவமனையின் சாராகெர்ஜா (தொழில்வழி சிகிச்சை) பிரிவில் கையை அளந்து, சூட்டில் வளையும் பிளாஸ்டிக்கில் செய்து தருவார்கள்.

ஊசி: வேகமானது, நிலையானது அல்ல

இரண்டாவது, மணிக்கட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி. வீங்கிய உறைகள் வற்றுகின்றன, இடம் கிடைக்கிறது. ஓரிரு நாள் வலி கூடிய பிறகு, பெரும்பாலோருக்கு ஒரு வாரம், இரண்டு வாரத்தில் இரவு அமைதியாகும். பல மாதம் தூங்காமல் கிடந்தவருக்கு அது சிறிய விஷயம் இல்லை.

பட்டையா ஊசியா என்ற கேள்விக்கு இங்கிலாந்தில் நடந்து 2018இல் வெளியான ஒரு சோதனை நேரடியாக விடை தேடியது. லேசான, நடுத்தர நிலையில் இருந்த 234 பேரில் ஒரு பாதிக்கு 20 மில்லிகிராம் மெத்தில்பிரெட்னிசலோன் ஊசி, மறு பாதிக்கு ஆறு வாரம் இரவுப் பட்டை. ஆறாவது வாரத்தில் ஊசிக்காரர்கள் தெளிவாக முன்னால் இருந்தார்கள். ஆறாவது மாதத்தில் இரு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. இதை ஊசியின் தோல்வி என்று படிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆறு வாரத் தூக்கம் யாருக்கு எவ்வளவு தேவை என்பதைப் பொறுத்தது அது. விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் போய் ஏணியில் ஏறுகிறவருக்கு அந்த ஆறு வாரம் பெரிது. வீட்டில் இருப்பவர் பட்டையோடு பொறுத்துப் பார்க்கலாம்.

ஊசி எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கு சுவீடனில் 2013இல் வெளியான ஆய்வு கண்ணைத் திறக்கிறது. அதில் இருந்த 111 பேரும் பட்டை கட்டிப் பலிக்காதவர்கள். பத்தாவது வாரத்தில் ஊசி போட்டவர்கள், போலி (மருந்தில்லாத) ஊசி போட்டவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஆனால் ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சைக்குப் போனவர்கள்: 80 மில்லிகிராம் ஊசி போட்டவர்களில் 73 விழுக்காடு, 40 மில்லிகிராமில் 81, போலி ஊசியில் 92. முற்றிய நிலையில் ஊசி கத்தியைத் தள்ளிப்போடுகிறது, சிலருக்கு மட்டும் தவிர்த்துத் தருகிறது.

நம்மவர்களுக்குக் கூடுதலாக இரண்டு எச்சரிக்கை. ஊசி போட்ட சில நாட்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறும், இனிப்பு நீர் உள்ளவர் வீட்டில் குத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுக்கலாம். கறுத்த தோலில் அது பளிச்சென்று தெரியும், நிறம் திரும்ப மாதக் கணக்காகும். ஆபத்தில்லை, ஆனால் முன்கூட்டியே தெரியாவிட்டால் வெண்குஷ்டம் என்று பயந்து அடுத்த கிளினிக்குக்கு ஓடுவார்கள்.

மாத்திரை, ஜாமு, உருவல்

சாதாரண வலி மாத்திரை வலியை மழுங்கடிக்கும், மரப்பைத் தொடாது. நீர் பிரியும் மாத்திரையால் பயனில்லை. வைட்டமின் பி6ஐ நரம்புச் சத்து என்று ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறவர்கள் நம்மிடையே அதிகம். இந்த நோய்க்கு அது உதவுவதாக நல்ல சான்று இல்லை. அளவு மீறினால் அதே பி6 நரம்பைக் கெடுத்து மரப்பை உண்டாக்கும். காபாபென்டின் மாத்திரை ஹாங்காங்கில் சோதிக்கப்பட்டபோது போலி மாத்திரையைவிட மேலாக இல்லை. வாய்வழி ஸ்டீராய்டு சில வாரம் உதவுகிறது, ஆனால் ஊசி அதைவிட நன்றாகவே உதவுகிறது.

தூக்க மாத்திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கேட்டு வாங்குகிறார்கள். அது மணிக்கட்டை நேராக்காது. கையை நேராக்கச் சொல்லி எழுப்பும் தொந்தரவை மட்டும் அடக்கிவிடும், நரம்பு நசுங்கியபடியே இருக்கும்.

இதைவிடக் கவலை தருவது பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையிலும் கைப்பேசி வழியாகவும் விற்கும் ஜாமு மூலிகை மாத்திரைகள். மூட்டு வலி, கை மரப்பு எல்லாம் மூன்றே நாளில் பறந்துவிட்டது என்றால் மூலிகையைப் புகழ்வதற்கு முன் சந்தேகப்பட வேண்டும். இப்படிப்பட்ட பொருட்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. கை சரியானது உண்மைதான், ஸ்டீராய்டு அதைத்தான் செய்யும். கூடவே சர்க்கரை ஏறும், முகம் உப்பும், தூக்கமே வராமல் இரவெல்லாம் முழிப்பு இருக்கும். திடீரென நிறுத்தினாலும் ஆபத்து. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் பாக்கெட்டோடு டாக்டரிடம் போக வேண்டும்.

உருவல், தைலம், அல்ட்ராசவுண்ட், லேசர், விரல் நீட்டிப் பயிற்சி ஆகியவற்றுக்குக் கிடைத்த சான்று மெலிவு. செய்தால் கெடுதல் பெரும்பாலும் இல்லை, மணிக்கட்டையே அழுத்திப் பிசையாத வரை. யோகா பற்றி 1998இல் வெளியான 42 பேர் கொண்ட ஒரு சிறு சோதனையில் எட்டு வாரத்தில் பிடி வலுத்தது, வலி குறைந்தது. ஆனால் தூக்கக் கலைவில் இரு கூட்டத்துக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணவில்லை. வலி குறைந்தால் தூக்கம் தானாக வந்துவிடும் என்று நாம் எண்ணுவது எப்போதும் நடப்பதில்லை.

எதை வைத்து அளப்பது

இந்த நோயின் கடுமையை அளக்க உலகெங்கும் பயன்படும் பாஸ்டன் கேள்வித்தாள் 1993இல் வந்தது. நோய்க்குறி பற்றிய பதினொரு கேள்விகளில் நான்கு இரவைப் பற்றியவை: இரவில் வலி எவ்வளவு, வலி எத்தனை தடவை எழுப்பியது, மரப்பு எவ்வளவு, மரப்பு எத்தனை தடவை எழுப்பியது. ஆய்வாளர்களே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவுக்குக் கொடுத்திருக்கும்போது, ஐந்து நிமிட கிளினிக் சந்திப்பில் நாம் “கை கெபாஸ் (மரப்பு) டாக்டர்” என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது நமக்கே நஷ்டம். சுவரில் தொங்கும் நாள்காட்டியில் ஒவ்வொரு நாளும் எத்தனை தடவை விழித்தோம் என்று ஒரு எண் எழுதினால் போதும். பட்டைக்கு முன் மூன்று, ஆறு வாரம் கழித்து ஒன்று என்றால் வைத்தியம் வேலை செய்கிறது. தூக்கம் குறைந்தால் வலியைத் தாங்கும் சக்தி குறைகிறது, சர்க்கரைக் கட்டுப்பாடும் தளர்கிறது. ஆகவே அந்த எண் இறங்குவது கைக்கு மட்டுமான லாபமில்லை.

ஆனால் இந்த அளவுகோல் பொய் சொல்லும் ஒரு நிலை உண்டு. நரம்பு வெகுநாள் நசுங்கினால் கடைசியில் கத்துவதை நிறுத்திவிடும். எறும்பு ஊர்வது நின்றுபோகும், இரவு அமைதியாகும், பாட்டி “இப்ப பரவாயில்லம்மா” என்பார். கூர்ந்து பார்த்தால் கட்டை விரலின் அடிச்சதை பள்ளமாகியிருக்கும், ரவிக்கை ஊக்கு போட முடியாது, ஊசியில் நூல் கோக்க முடியாது, சூடான சட்டியைத் தொட்டது தெரியாமல் விரல் கொப்பளித்திருக்கும். விரல் நாள் முழுக்க மரத்தே கிடக்கும். இரவு நன்றாகவும் பகல் மோசமாகவும் போகிறது என்றால் அது குணம் இல்லை. அந்தக் கட்டத்தில் பட்டையோடும் ஊசியோடும் காலம் கடத்தக்கூடாது. செத்த சதை அறுவை சிகிச்சைக்குப் பிறகும் முழுதாகத் திரும்புவதில்லை.

அந்தக் கட்டத்துக்கு வராதவர்களுக்கும் கத்தியில்லா வைத்தியத்தின் எல்லை தெரிந்திருப்பது நல்லது. நெதர்லாந்தில் 176 பேரை வைத்து 2002இல் வெளியான சோதனையில், பதினெட்டு மாத முடிவில் அறுவை சிகிச்சைக் கூட்டத்தில் 90 விழுக்காட்டினரும் பட்டைக் கூட்டத்தில் 75 விழுக்காட்டினரும் தேறியிருந்தார்கள். பட்டைக் கூட்டத்தில் 41 விழுக்காட்டினர் அதற்குள் அறுவை சிகிச்சைக்கு மாறியிருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் அதுவரை கத்தியில்லாமல் சமாளித்தார்கள் என்றும் அதைப் படிக்கலாம். கத்திக்குப் பயந்து இரவை இழந்துகொண்டிருப்பதற்கும், முதல் மாதமே கத்திக்கு ஓடுவதற்கும் நடுவில் ஆறு வாரம் பட்டை, தேவையானால் ஒரு ஊசி, மூன்று மாதத்தில் மறுபரிசீலனை என்று ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலோருக்கு அதுவே நியாயமான வரிசை என்று நான் நினைக்கிறேன்.

சுங்கை சிப்புட்டில் இருப்பவர் முதலில் போக வேண்டிய இடம் அரசாங்க சுகாதார கிளினிக். குடிமக்களுக்கு 1 ரிங்கிட்டில் பார்ப்பார்கள், சர்க்கரை பரிசோதனையும் அங்கேயே ஆகும். பட்டை பலிக்காவிட்டாலோ, அடிச்சதை வற்றியிருந்தாலோ, மருத்துவமனைக்குக் கடிதம் கேட்க வேண்டும். நரம்பில் மின்னோட்டம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் சோதனைக்குப் பெரும்பாலும் சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் ஈப்போவுக்குத்தான் போக வேண்டியிருக்கும். இன்னும் வேலையில் இருப்பவர் பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தாதாரராக இருந்தால், வேலையால் வந்த நோய் என்று கோரிக்கை வைக்க வழி உண்டா என்பதை டாக்டரிடமே கேட்கலாம். அதற்கு எந்த வேலை, எத்தனை ஆண்டு, எந்தக் கை, என்ன கருவி என்ற விவரங்கள் தேவைப்படும். பழைய தோட்டம் கைமாறி, கிராணியும் ஆபீசும் இல்லாமல் போன பிறகு அந்த விவரங்களைத் தேடி அலைவது கடினம், சம்பளச் சீட்டையும் சந்தா அறிக்கையையும் இப்போதே ஒரு கவரில் எடுத்து வைத்துவிடுங்கள்.